தொடக்கூடாத பெயர்

சுபஹ் தொழுது முடித்ததும், முசல்லாப் பாயை மடிக்க முன்னமே போனைக் கையில் எடுக்கிற கெட்ட பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. உம்மா உயிரோடு இருந்திருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பார். என்ன செய்வது, அல்லாஹ் எனக்குத் திறந்துவிட்ட வழி கனடாவில் கிடக்கிறது. அங்குள்ள கம்பனிக்காரர் தங்கள் பகலில் எழுதுகிற கடிதங்கள் எனக்கு விடியும்போதுதான் வந்து சேரும். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. எங்கள் பெயருக்கு நீங்கள் ஏலம் கேட்டிருப்பதாகச் சந்தேகிக்கிறோம்.

ஏறாவூரில் எங்கள் மணல் ஒழுங்கையில் என்னைக் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். மீன்காரரோடும் சண்டை, கரண்ட் பில் கொண்டுவருகிறவரோடும் சண்டை. நேரில் வருகிற எவருக்கும் நான் வாய் குறைந்தவள் இல்லை. ஆனால் எழுத்தில் ஒரு குற்றச்சாட்டு வந்துவிட்டால் அந்த வீரமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் செய்கிற வேலையை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பயம் யாருக்கும் விளங்காது. பிறத்தியாருடைய சாமானை இணையத்தில் விற்றுக் கொடுத்துக் கொமிஷன் எடுப்பது என் தொழில். வந்தாறுமூலைக் கெம்பஸில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் இதற்குள் இறங்கினேன். கனடாவில் ஒரு கம்பனி, கைக்குழந்தைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி செய்து விற்கிறது. அந்த வண்டியை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் இறக்கினால் சில்லு மணலில் புதைந்து, பிள்ளையையும் வண்டியையும் நான்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இருந்தாலும் அதன் எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி.

அங்கே ஒரு தாய், இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்த வண்டி நல்லது என்று தேடுவாள். தேடல் பக்கத்தின் உச்சியில் என் விளம்பரம் வரும். அதைத் தொட்டால் நான் எழுதி வைத்திருக்கிற பக்கத்துக்கு வருவாள். வாசித்துப் பிடித்து, அங்கிருந்து கம்பனிக் கடைக்குப் போய் வாங்கினால் எனக்குக் கொமிஷன். விளம்பரம் மேலே வர வேண்டுமானால் அவள் தேடுகிற சொல்லுக்கு ஏலம் கேட்க வேண்டும். ஆற்றங்கரையில் மீன் கூறுக்குக் கேட்கிறார்களே, அதே மாதிரிச் சொல்லுக்கும் ஏலம் நடக்கிறது. சத்தம் மட்டும்தான் இராது.

எந்தச் சொல்லுக்கும் கேட்கலாம். கம்பனியின் பெயருக்கு மட்டும் கேட்கக்கூடாது. அதுதான் விதி. சரியான விதிதான், அதை நான் என்றைக்கும் பிழை சொன்னதில்லை. பெயரைச் சொல்லித் தேடுகிறவள் எப்படியும் அந்தக் கடைக்குப் போகத்தான் புறப்பட்டிருக்கிறாள். அவளை வாசலில் மறித்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நான்தான் கொண்டுவந்தேன், கொமிஷனைத் தாருங்கள் என்றால் எந்த முதலாளி பொறுப்பான்? செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் காட்டி, இவர்களை அனுப்பியது நான்தான் என்று ஓட்டோக்காரர் ஒருவர் கொண்டக்டரிடம் பங்கு கேட்டால் அங்கேயே அடி விழும்.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. கம்பனியின் பெயரை நமது விலக்குப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். நெகட்டிவ் லிஸ்ட் என்போம். தேடல் இயந்திரம் தன்பாட்டில் ஊகம் பண்ணும். நாம் கேட்டது குழந்தை வண்டி, இவள் தேடுவது அந்தக் கம்பனி வண்டி, இரண்டும் ஒன்றுதானே என்று நாம் கேட்காத இடத்திலும் நம் விளம்பரத்தைக் கொண்டுபோய் வைத்துவிடும். பட்டியலில் பெயர் இருந்தால் வைக்காது. என் கணக்கில் அந்தப் பெயர் முதல் நாளிலிருந்தே பட்டியலில் இருந்தது. திரும்பவும் திறந்து பார்த்தேன். இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஏனென்றால் அந்தக் கணக்கை நம்பித்தான் என் மாப்பிள்ளை கட்டாரில் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

கலியாணம் முடித்த வருஷமே போனவர். ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்டோர் பொறுப்பு. இடையிடையே லீவில் வந்து நிற்பார், வீடு முழுக்க அத்தர் வாசமாக இருக்கும், பிறகு அதுவும் போய்விடும். எங்கள் மகள் வாப்பா என்றால் போனைத்தான் காட்டுவாள். ஒருமுறை அவர் லீவில் வந்து நின்றபோது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாப்பாவோடு பேச வேண்டும் என்று போனைக் கேட்டு அழுதாள். அவர் சிரித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அந்த நாளிலிருந்து எனக்குள் ஒரே வைராக்கியம். அவர் அங்கே எடுக்கிற சம்பளத்தை நான் இங்கே இருந்து எடுத்துக் காட்டுவேன், மனிதனை வீட்டுக்குக் கூப்பிடுவேன்.

எடுத்தும் காட்டினேன். போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நானே வாய் திறந்து சொன்னேன்.

"வந்திருங்க. போதும். இனி நான் பாத்துக்குவன்."

"விளங்கித்தான் கதைக்கிறயா புள்ள? இஞ்ச விசாவ வெட்டினா மறுகா கிடைக்காது."

"எல்லாம் விளங்கித்தான். வாங்க."

கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் எடுத்து, மனேஜரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் வருகிறேன் என்றார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். மகளுக்கு வாப்பா வருகிறார் என்று ஒழுங்கை முழுக்க விளம்பரம் பண்ணியாயிற்று. அப்படி இருக்கும்போதுதான் இந்தக் கடிதம்.

கடிதத்தின் நடுவில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் வீட்டில், உங்களைத் தவிர வேறு யாராவது எங்கள் திட்டத்தில் கணக்கு வைத்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்து மனிதர்களிடம் கேட்கவே கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த சண்டைக் காலத்தில், தோளில் துவக்கோடு வாசலில் வந்து நிற்பவர் எந்த உடுப்பில் வந்தாலும், எந்தப் பாஷை பேசினாலும், கேட்பது இதைத்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறீர்கள்? வாப்பா கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்த நாளிலும் உம்மாவின் பதில் ஒன்றுதான். "வேற ஒருத்தருமில்ல." குரல் நடுங்காமல் சொல்வார். எங்களுக்கும் அதைச் சொல்லிப் பழக்கி வைத்திருந்தார். பெயர் சொல்லாதே, ஆளைக் காட்டாதே, கேட்டால் ஒருத்தருமில்லை. கலிமாவுக்கு அடுத்ததாக நாங்கள் பாடமாக்கியது அதுதான்.

கேள்வியை வாசித்ததும், பக்கத்து வீட்டில் அதே கம்பனிக் கணக்கு வைத்திருக்கிற தங்கச்சியின் முகம் மனதில் வந்தது. வந்ததால்தான் கை ஓடியது. இல்லை, வேறு ஒருவரும் இல்லை, நானும் என் மகளும் மட்டும்தான் என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் போய்விட்டதைப்போல ஒரு நிம்மதி. அட பாவியே, நீ கெம்பஸில் படித்தவள், அங்கே கனடாவில் ஒரு கந்தோரில் ஒரு பெண் கோப்பி குடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது, துவக்கோடு வந்தவன் கேட்கிற கேள்வியா? இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வாப்பாவும் இருந்த வளவை இரண்டாகப் பிரித்து எனக்கொரு வீடு, தங்கச்சிக்கொரு வீடு கட்டினார். நடுவில் சுவர், சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். அடுப்பு இரண்டு, குடும்பம் இரண்டு. ஆனால் இணைய லைன் ஒன்று. என் ரவுட்டரிலிருந்து சுவருக்கு மேலால் வயர் இழுத்துக் கொடுத்தது தங்கச்சி மாப்பிள்ளை. அவர் ஓட்டமாவடியில் கடை வைத்திருப்பவர், காலையில் போனால் மஃரிபுக்குத்தான் வருவார். வீட்டில் சும்மா இருக்கிற தங்கச்சிக்கு இந்தத் தொழிலைப் பழக்கியது நான். அதே வண்டிக் கம்பனியில் கணக்குத் திறந்து கொடுத்ததும் நான்.

பதிலை அனுப்பிய பிறகு, கடிதத்தோடு வந்த படத்தைத் திறந்தேன். யாரோ கம்பனியின் பெயரைத் தேடியிருக்கிறார்கள், கம்பனிக்கு மேலே ஒரு விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை தூங்கட்டும், நீங்கள் நடங்கள் என்று அதில் ஒரு வசனம். என் வசனம். எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காகத் தங்கச்சிக்கு நான் கொடுத்தது. அந்த இடத்திலேயே கோபம் உச்சிக்கு ஏறியது. கோபம் வந்தபோது கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது. சுவர் வாசலுக்குள்ளால் நுழைந்து போனேன்.

தங்கச்சி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உன்ட மெயிலப் பாத்தயாகா?"

"என்ன மெயில் ராத்தா?"

"வண்டிக் கம்பனி மெயில்!"

"நான் அதெல்லாம் பாக்கிறல்ல. இங்கிலீசு நீளமா வந்தா எனக்குத் தலையிடி."

போனைப் பறித்துத் திறந்தேன். முந்திய வாரமே அவளுக்குக் கடிதம் வந்து திறக்காமல் கிடந்தது. பிறகு இன்னொன்று. அதுவும் திறக்கவில்லை. அவள் பதில் சொல்லாததால்தான், அதே லைனில் இருக்கிற என்னிடம் வந்திருக்கிறார்கள்.

"அந்தப் பேரத் தொட்டயா? உண்மையச் சொல்லு."

"அல்லாவுக்காக நான் தொடல்ல ராத்தா! நீங்கதானே சொன்ன, அந்தப் பேர ஒரு இடத்திலயும் எழுதாத, அதுல கை வெக்காத எண்டு."

"சரி. நெகட்டிவ் லிஸ்ட்ல போட்டயா?"

"அதுலயும் எழுதல்ல. எழுதக்கூடாதெண்டு சொன்னா எழுதக்கூடாதுதானே?"

அவள் சொல்வது நேர்மையான வார்த்தை. நான் பழக்கியபோது விதியைச் சொல்லிப் பழக்கவில்லை, பயத்தைச் சொல்லிப் பழக்கியிருந்தேன். அந்தப் பெயரைக் கண்டால் விலகி ஓடு என்றேன், அவள் பட்டியலை விட்டும் ஓடிவிட்டாள். பெயரைத் தடுக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. இயந்திரம் தன்பாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதை விளக்கிச் சொன்னதும் அவள் இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மச்சான் வேலைய விட்டுட்டாரே ராத்தா..."

"அதத்தான் நானும் சொல்றன்."

"நீங்க என்ன பதில் எழுதின?"

"வேற ஒருத்தருமில்ல எண்டு எழுதிட்டன்."

அவள் தலையை ஆட்டினாள். அவளும் உம்மாவின் மகள்தானே, அது பிழையான பதில் என்று அவளுக்கும் தோன்றவில்லை. கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் இப்பவே என்ட கணக்க மூடிடுறன், மறுகா ஒருத்தருமில்லத்தானே" என்றாள். எனக்கும் அது பெரிய புத்தியாகப் பட்டது. மூடு என்றேன். அடுப்படியில் நின்றபடியே மூடினாள், விளம்பரம் எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு இருவரும் அந்த இடியப்பத்தைச் சொதியோடு சாப்பிட்டோம். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, செய்யவேண்டியதை அப்போதுதான் செய்தேன். கம்பனியின் விதிகளை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்தேன். அதில் ஓரிடத்தில் இப்படி இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் கணக்கு வைத்திருக்கலாம், எங்களுக்குத் தெரியப்படுத்தினால் போதும். தெரியாமல் பெயர் விலக்கப்படாமல் போயிருந்தால், முதல் தடவைக்கு எச்சரிக்கை மட்டும். உண்மைக்கு மாறான தகவல் தந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

யா அல்லாஹ். தங்கச்சி செய்தது சின்னப் பிழை. அதற்கு மன்னிப்பு விதியிலேயே இருந்தது. நான் எழுதிய ஒற்றை வரிக்குத்தான் மன்னிப்பு இல்லை.

அடுத்த நாள் விடிய, தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. சலாம் கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்தால் இரண்டாவது கடிதம் வந்திருந்தது. உங்கள் பதில் கிடைத்து சற்று நேரத்துக்குள், உங்கள் இணைப்பிலிருந்து இயங்கிய இன்னொரு கணக்கு அழிக்கப்பட்டிருக்கிறது. இதை எப்படி விளக்குகிறீர்கள்? கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. திட்டி எழுதியிருந்தால் நானும் மனதுக்குள் இரண்டு திட்டு திட்டியிருப்பேன். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது.

அன்றைய பகலை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மீன் கழுவ எடுத்து, கழுவாமல் வைத்துவிட்டு வந்து, பூனை கொண்டுபோன பிறகுதான் ஞாபகம் வந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலும் நெஞ்சு இடித்தது. கனடாக்காரர் மோட்டார் சைக்கிளில் ஏறாவூருக்கு வரப்போவதில்லை என்று தெரியும், தெரிந்தும் இடித்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, வாப்பா வந்தால் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். பிள்ளை பேந்தப் பேந்த விழித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கட்டாரிலிருந்து அவர் எடுத்தார். பின்னால் இரும்பு இழுபடுகிற சத்தம்.

"மகள்ர சப்பாத்து அளவு என்ன புள்ள? கடையில நல்லதொண்டு கண்டன்."

சொன்னேன்.

"பெரிய சூட்கேஸ் ஒண்டும் வாங்கிட்டன். உனக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேணா. நீங்க வந்தாப் போதும்."

"என்ன குரல் ஒரு மாதிரி இரிக்கி?"

"தடிமன், மூக்கு அடைச்சிரிக்கி."

போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வேலையை விட்டுவிட்ட ஒரு மனிதன், சூட்கேஸ் வாங்கி வைத்துக்கொண்டு, மூடப்போகிற ஒரு கணக்கை நம்பி விமானம் ஏறப் பார்க்கிறார். ஏறச் சொன்னது நான்.

பின்னேரம் தங்கச்சி வந்தாள். அவளும் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"ராத்தா, வாடகைக்கு இரிந்த ஆள் ஒருத்தன் செஞ்சிட்டுப் போயிட்டான் எண்டு எழுதுவமா?"

"எந்த வாடகை ஆள்? எந்த அறையில?"

"கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில ஒரு அறை இரிக்கெண்டு சொல்லுவம். அவங்க வந்தா பாக்கப் போறாங்க?"

அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் லெப்டொப்பைத் திறந்தேன்.

"இல்லகா. இருக்கிறத எழுதுவம். இனி எனக்கு ஏலா."

எழுதினேன். ஒரே வளவில் இரண்டு வீடு, எங்கள் வழக்கம் அப்படி. அந்த மற்றக் கணக்கு என் தங்கச்சியுடையது. லைன் ஒன்று என்பதால் நாங்கள் ஒரே வீடு என்று நீங்கள் நினைப்பது நியாயம். உங்கள் பெயருக்கு அவள் ஏலம் கேட்கவில்லை, விலக்குப் பட்டியலில் போடவும் இல்லை, எழுதவே கூடாது என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டாள். பயத்தில் கணக்கை அழித்தாள். நானும் பயத்தில்தான் உங்களுக்குப் பொய் சொன்னேன். நாங்கள் வளர்ந்த இடத்தில், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதுதான் பழக்கம். அதற்குமேல் விளக்கம் எழுதத் தெரியவில்லை. தங்கச்சி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயரை எழுதுகிற இடம் வந்தபோது விரல் நின்றுவிட்டது. எத்தனை வருஷம் போனாலும், கேட்கிறவருக்குக் கூடப்பிறந்தவளின் பெயரைக் கொடுப்பது அவ்வளவு லேசு இல்லை. "எழுதுங்க ராத்தா" என்று அவளே சொன்னாள். எழுதி அனுப்பினேன்.

அடுத்த நாள் வெள்ளி. கனடாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. இனி இதை அவரிடம் மறைக்க முடியாது. மனேஜரிடம் போய், வேலையை விடவில்லை என்று திரும்பச் சொல்வதற்கு இன்னும் அவகாசம் இருக்கலாம். என் வாயால் வாருங்கள் என்றவள், என் வாயாலேயே வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிந்து அவர் அறைக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து நானே எடுத்தேன்.

"இஞ்ச பாருங்க, கோபிக்காமக் கேக்கணும்."

ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிதம், நான் எழுதிய பொய், தங்கச்சி அழித்தது, இரண்டாவது கடிதம், உண்மை எழுதியது. கடைசியில், "மனேஜர்ட்டப் போய் வேலைய விடல்லெண்டு சொல்லுங்க. காலப் பிடிச்செண்டாலும் சொல்லுங்க. நான் கெடுத்திட்டன்" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"இரிக்கன் புள்ள."

"ஏசுங்க. ஏதாவது சொல்லுங்க."

"நான் மனேஜர்ட்டச் சொல்லல்ல."

"என்ன?"

"இன்னும் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் அந்தாள்ட கதவு மட்டும் போறன். மறுகா கிறுகி வந்திடுறன்." குரல் கம்மியிருந்தது. "சொல்லிட்டன் எண்டு உனக்குச் சொன்னா எனக்கும் தைரியம் வரும் எண்டு நினைச்சன். வரல்ல. பயமா இரிந்திச்சி புள்ள."

அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் முதலில் வாயில் வந்தது. வேலை இருக்கிறது, விசா இருக்கிறது, நாங்கள் தெருவுக்கு வரமாட்டோம். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அது இறங்கிய கையோடு மற்றது விளங்கியது. அப்படியென்றால் இந்த மனிதர் அடுத்த மாதமும் வருவதாக இருக்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப அந்தச் சூட்கேஸ்?"

"அது உண்மைதான். கட்டிலுக்குக் கீழ இரிக்கி."

"மகள், வாப்பா எந்தப் பக்கம் படுக்கிற எண்டு கேக்கிறாள். தெரியுமா உங்களுக்கு?"

அதோடு போனை வைத்துவிட்டேன்.

கனடாவிலிருந்து பதில் சனிக்கிழமை விடிய வந்தது. விளக்கத்துக்கு நன்றி, உண்மையை நீங்களே எழுதியதால் இம்முறை விட்டுவிடுகிறோம். உங்கள் கணக்கு எச்சரிக்கையுடன் மீண்டும் திறக்கப்படுகிறது. உங்கள் சகோதரி எங்கள் பெயரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் திரும்பவும் விண்ணப்பிக்கலாம். இனி எதுவாக இருந்தாலும் நேரே சொல்லுங்கள், நல்ல வார இறுதியாக அமையட்டும். எழுதியவருக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை வேலை. முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

சுவர் வாசலால் ஓடிப்போய்த் தங்கச்சியை எழுப்பினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அன்றைக்கே அந்தப் பெயரை அவளுடைய பட்டியலில் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பிறகு அவருக்கு எடுத்தேன். வேலைக்குப் போக உடுத்துக்கொண்டிருந்தார். கணக்குத் திறந்துவிட்டது, ஒன்றும் போகவில்லை, எல்லாம் பழையபடி என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

"அப்ப இண்டைக்கு மனேஜர்ட்டப் போய்ச் சொல்லட்டா புள்ள? நீ சொல்லு, இப்பவே போறன். இந்தமுறை கிறுகி வரமாட்டன்."

எத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சொல்லுங்க என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன். மகள் எழுந்து வந்து, வாப்பாவா என்று கேட்டுக்கொண்டு என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றார். ஒரு கடிதம் வந்தால் நின்றுவிடுகிற கணக்கை நம்பி அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கும் பயமாக இருந்தது. போனை மகளின் கையில் கொடுத்துவிட்டேன்.